பச்சை எரியுதோ

டண்டினோங் மண்டபத்தில் சனிக்கிழமை நாடகம்.
என் பொறுப்பில் ஆறு பெட்டிகள்,
ஒவ்வொன்றும் ஒரு சீட்டுக்கட்டளவு.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றரி,
எலிவால் போல ஒரு கம்பி.

வியர்வை உள்ளே இறங்காதிருக்க
ஆணுறைக்குள் போட்டு முடிச்சிடுவேன்.
மருந்துக்கடைப் பெண்
இரண்டு டசினுக்கு ரசீது தரும்போது
என் முகத்தைப் பார்ப்பதில்லை.
நாடகத்துக்கு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
அதன் பிறகு கையையும் பார்ப்பதில்லை.

மூன்றாம் சனல்: சுகிர்தமலர், மகள் வேடம்.
பாவாடை நாடாவில் பெட்டியைச் செருகி
முதுகு வழியே வயரை ஏற்றி
நெற்றியோரம், முடி தொடங்கும் இடத்தில்,
அரிசிமணி போன்ற மைக்கை ஒட்டினேன்.
நான்காம் சனல்: குகதாசன், அப்பா வேடம்.
உண்மையில் அவளுக்கு அண்ணன்.
அப்பாவாக நடிக்க இருந்தவருக்கு
முழங்காலில் சத்திரசிகிச்சை.
வேறு ஆளில்லை.

உடுப்பிட்டியில் ஒரு வளவு, வளவில் ஒரு கிணறு,
கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று
நோபிள் பார்க் சமையலறையொன்றில்
பதினொரு வருடம் முன்பு நின்றுபோன கதை.
ஒத்திகையிலும் வசனம் மட்டும்தான்.
வசனம் முடிந்த இடத்தில்
ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்,
மற்றவர் போனை.

என் வேலை கேட்பது அல்ல, அடைப்பது.
மேடையை விட்டு இறங்குகிறவர் பொத்தானை மறப்பார்,
நான் மறக்கக்கூடாது.
சபைக்கு அடைத்தாலும்
என் ஹெட்போனுக்குள் வந்துகொண்டே இருப்பார்கள்:
கழிவறைத் தண்ணீர்,
வடை மெல்லும் சத்தம்,
தலைவரைப் பற்றிச் செயலாளர்.
எல்லாம் தொலைக்காட்சி அலைகளுக்கு நடுவே
காலியாய்க் கிடக்கும் ஒரு சந்து வழியாக.
எவரிடமும் சொன்னதில்லை,
இதைத் தவிர.

மூன்றாம் காட்சிக்குச் சற்று முன்,
திரைக்குப் பின்னால், அவள் சனலில் மூச்சு.
பிறகு
"பின்னால ஒருக்காப் பாருங்கோ,
பச்சை எரியுதோ?"
அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

எரியுது பிள்ளை, நல்லா எரியுது.
உன் கேள்வி எனக்குக் கேட்டதே அதால்தான்.
ஆனால் இந்தப் பெட்டிகள் ஒருவழிப் பாதை,
அங்கிருந்து இங்கே மட்டும்.
தன் முதுகில் எரியும் விளக்குக்கு
யாரையாவது கேட்கத்தான் வேண்டும்.

நான்கில் எதுவுமில்லை.
துணி உரசும் சத்தம்.
ஒரு மனிதன் குனிகிறபோது விடும் காற்று.
"எரியுது."
மேடையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
"நாடா இளகிக் கிடக்கு. நில்லு."
அதே முடிச்சு, அதே நேரம்,
இரண்டு சனலிலும் கரகரத்தது.

கடைசிக் காட்சியில் நான்கு செத்தது.
போன வாரக் கல்யாணத்தில் பாதி ஓடிய பற்றரி.
என் கஞ்சத்தனம்.
அப்பா வாயசைக்கிறார்,
நாலாவது வரிசைக்கு அங்கால் ஒன்றும் இல்லை.
அவருக்கு அது தெரியவில்லை.
அவளுக்குத் தெரிந்தது.

கதைப்படி அவள் கதவோரம் நின்று அழவேண்டும்.
நடந்து வந்தாள்.
மைக் ஒட்டிய நெற்றியை
அவர் கன்னத்தோடு வைத்து நின்றாள்.
மூன்றை மெல்ல ஏற்றினேன்.
அவர் குரல்
அவள் பெட்டிக்குள் புகுந்து
அவள் அலையில் ஏறி
மண்டபத்தின் பின்சுவர் வரை போயிற்று.

இயக்குநர் ஓடி வந்தார்:
"இது எழுத்தில இல்லையே?"
கைதட்டல் விழுந்தபின்
எழுதியவர் போலவே நின்றார்.

பதினொரு மணிக்குப் பெட்டிகளை உரித்தேன்.
மூன்றின் ஒட்டுநாடாவில் இரண்டு முடி,
ஒன்று நரை.
கார் தரிப்பிடத்தில் இரண்டு கார்கள்
இரண்டு பக்கமாகத் திரும்பின.
ஒன்று விளக்கை ஒருமுறை அடித்தது போலிருந்தது.
யாருக்கென்று தெரியாது,
எனக்காகவும் இருக்கலாம்.

நான்காம் பெட்டியின் பற்றரிகளை
எறிய மனம் வரவில்லை.
ஒன்றை வீட்டுச் சுவர்மணிக்கூட்டில் போட்டேன்.
ஓடுகிறது.